ஃபவுண்டேஷன்ஒன் சிடிஎக்ஸ்: எந்த இடத்துத் திசுவை அனுப்புகிறீர்கள்?

2017 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் ஒப்புதல் பெற்ற இந்தச் சோதனை, புற்றுக்கட்டித் திசுவில் 324 மரபணுக்களை ஒரே முறையில் படித்துவிடுகிறது. படிப்பதில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் திசு எடுக்க (பயாப்சி) ஊசி குத்திய இடத்தில் என்ன இருந்ததோ அதை மட்டுமே அது படிக்கும். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று வந்தால், அந்தத் துண்டில் இல்லை என்றுதான் பொருள்.

2012ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான சிறுநீரகப் புற்றுநோய் ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. ஒரே நோயாளியின் கட்டியைப் பல இடங்களில் வெட்டிப் படித்தபோது, கண்ட பிறழ்வுகளில் (மரபணு மாற்றங்களில்) 63 முதல் 69 சதவீதம் எல்லாத் துண்டுகளிலும் இருக்கவில்லை. விஎச்எல் மரபணுவின் பிறழ்வு போல ஆரம்பத்திலேயே தோன்றியவை எங்கும் இருந்தன; பின்னால் கிளைத்தவை சில மூலைகளில் மட்டும். நுரையீரல் புற்றுநோயில் மருந்துக்கு எதிர்ப்பு வந்தபின் தோன்றும் ஈஜிஎஃப்ஆர் மரபணுவின் டி790எம் என்ற பிறழ்வும் இப்படித்தான்: கல்லீரல் கட்டியில் இருக்கலாம், அதே நோயாளியின் நிணநீர்க் கணுவில் இல்லாமல் போகலாம். அதனால் சிகிச்சைக்குப் பிறகு வளரும் கட்டியில்தான் ஊசி போக வேண்டும். பழைய அறுவை சிகிச்சையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவை (பாரஃபின் பிளாக்) அனுப்பிப் புதிய எதிர்ப்பைத் தேடுவது வீண் வேலை.

அடுத்தது கணக்கு. துண்டில் 40 சதவீதம் புற்றுச் செல்கள் என்றால், அவை எல்லாவற்றிலும் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும் உள்ள பிறழ்வின் அளவு, துண்டின் மொத்த டிஎன்ஏவில் சுமார் 20 சதவீதமாக வரும். அதே பிறழ்வு புற்றுச் செல்களில் 30 சதவீதத்தில் மட்டும் இருந்தால் 6. துண்டிலேயே புற்றுச் செல் 20 சதவீதம்தான் என்றால் 3. இவ்வகைச் சோதனைகள் தடுமாறத் தொடங்குவது 5 சதவீதத்தை ஒட்டித்தான். எனவே புற்றுச் செல் 20 சதவீதம் என்ற குறைந்தபட்ச வரம்பைத் தொட்டதும் திருப்தியடைந்துவிடக் கூடாது. நிணநீர்க் கணுவில் லிம்போசைட்டுகள் (வெள்ளை அணுக்கள்) புற்றுச் செல்லின் பங்கை நீர்த்துப்போகச் செய்யும். பெரிய கட்டியின் நடுவில் செத்த திசுதான் கிடைக்கும், விளிம்பே மேல். ஸ்லைடில் புற்று அடர்ந்த பகுதியை பேத்தாலஜிஸ்ட் வட்டமிட்டு, அதை மட்டும் சுரண்டி எடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். மரபணுப் பெருக்கத்தை (ஒரு மரபணுவின் பிரதிகள் அதிகரிப்பதை) தேடும்போது இது இன்னும் முக்கியம்.

எலும்பு பயாப்சிதான் அதிகம் ஏமாற்றும். சுண்ணாம்பை நீக்க வலுவான அமிலம் பயன்படுத்தினால் டிஎன்ஏ சிதைந்துவிடும். ஈடிடிஏ என்ற ரசாயனம் மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. இதை ஊசி போடும் முன்பே லேபில் சொல்லிவைக்க வேண்டும். திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் போதும். அதிகம் ஊறினால் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின், இன்னொன்றான தைமின்போல் தெரிந்து, இல்லாத பிறழ்வும் தலைகாட்டும்.

ரிப்போர்ட் வந்ததும் மரபணுப் பட்டியலுக்கு முன் திசு எடுத்த இடத்தையும் தேதியையும் பாருங்கள். சிகிச்சைக்கு முந்தைய தேதியா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பல இடங்களில் பரவிய நோய்க்கு ரத்தத்தில் செய்யும் சோதனை நல்ல துணை. பல கட்டிகளின் டிஎன்ஏ அதில் கலந்து வரும். மூளையில் மட்டும் உள்ள நோயில் அடிக்கடி தவறவிடும். டிஎன்எம்டி3ஏ, டெட்2 மரபணுக்களில் பிறழ்வுகள் தெரிந்தால், அவை கட்டியிலிருந்து வராமல், வயதாவதால் பிறழ்வு சேர்ந்த ரத்த அணுக்களிலிருந்து வந்திருக்கலாம். செல்லை உடையாமல் காக்கும் சிறப்புக் குழாயில் எடுத்த ரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, அறை வெப்பநிலையே சரி.