திமிங்கிலத்துக்குத் தனி வரிசையா, மாட்டின் வரிசையா?

ஊர் நூலகத்துக்காகப் பாலூட்டிகளின் சுவர் அட்டவணை ஒன்று வரைந்து கொடுத்தேன். திமிங்கிலத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. மீனா, பாலூட்டியா என்ற கேள்வியை 1758-லேயே உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸ் தீர்த்துவிட்டார், அதை விடுங்கள். தகராறு அடுத்த படியில்: பாலூட்டிகளுக்குள் எந்த வரிசை, அதாவது எந்தப் பெரும் பிரிவு.

பழைய முறையில் திமிங்கிலமும் ஓங்கிலும் (டால்பின்) சீட்டேசியா என்ற தனி வரிசை. மாடு, பன்றி, ஒட்டகம், நீர்யானை எல்லாம் ஆர்ட்டியோடாக்டைலா, அதாவது இரட்டைக் குளம்பு வரிசை. வரைவதற்குச் சுலபம், பார்க்கும் பிள்ளைகளும் ஏனென்று கேட்கமாட்டார்கள். சின்ன வகுப்புக்கு அது போதும் என்றால் சண்டை போடமாட்டேன்.

புது முறையில் இரண்டும் ஒரே வரிசை. நான் எடுத்தது இதைத்தான். காரணம் நீர்யானை.

இரண்டு ஏட்டுச் சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், இரண்டும் ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதியவை என்போம். மரபணுத் தொடரிலும் அப்படித் தற்செயலாக நுழைந்து தங்கிவிட்ட துணுக்குகள் உண்டு. 1990-களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் பார்த்தார்கள். சில துணுக்குகள் திமிங்கிலம், நீர்யானை, மாடு மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தன. பன்றியிலும் ஒட்டகத்திலும் இல்லை. வேறு சில திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் மட்டுமே. அப்படியானால் நீர்யானைக்குப் பன்றியைவிடத் திமிங்கிலம்தான் நெருக்கம். பழைய கட்டமோ, கூடப்பிறந்தவனை வாசலில் நிறுத்திவிட்டுத் தூரத்துப் பங்காளியைப் பந்தியில் உட்கார வைத்த கதை.

எலும்பும் இதையே சொல்கிறது. பாகிஸ்தானில் கிடைத்த, கால் இருந்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகளைப் பற்றி 2001-இல் எழுதினார்கள். இரு முனையும் கப்பி போல வளைந்தவை; இரட்டைக் குளம்பிகளுக்கே உரிய அமைப்பு. அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆட்டின் அதே எலும்பைக் கறிக்கடையில் வாங்கிக் கழுவி வைத்திருக்கிறேன், சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்ட.

பெயரில் கொஞ்சம் தயங்கினேன். இரண்டையும் ஒட்டிச் சீட்டார்ட்டியோடாக்டைலா என்பவர்கள் உண்டு. ஆர்ட்டியோடாக்டைலாவே போதும் என்பவர்களும் உண்டு. சுவரில் எழுத இடம் குறைவு, சின்னப் பெயரையே போட்டேன். சீட்டேசியாவைத் தூக்கிப் போடவில்லை, நீர்யானைக்குப் பக்கத்தில் உட்பிரிவாக இருக்கிறது. அப்புறம், கடல்பசு என்ற பெயரை நம்பி ஆவுளியாவையும் அங்கே எழுதிவிடாதீர்கள். அது யானைப் பக்கம்.