லாவெண்டரும் கிராமச் சந்தையும்: தெற்குப் பிரான்ஸ் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

ஜூலை கடைசி வாரம் தெற்குப் பிரான்ஸில் ஒரு நாள் வேன் பயணத்துக்கு ஆளுக்கு 95 யூரோ வீதம் நாங்கள் நான்கு பேர் 380 யூரோ கட்டினோம். சந்தை காட்டுவதாகச் சொன்ன ஊரில் அன்று சந்தை இல்லை. லாவெண்டர் காட்டுவதாகச் சொன்ன வயலில் பூ இல்லை. இரண்டும் இருக்காது என்பது வேன் கிளம்பும்போதே அந்த வேன் நிறுவனத்துக்குத் தெரியும். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். பதிவு நீளம். தெற்குப் பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதிக்குப் போகத் திட்டம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படித்துவிடுங்கள்.

என் தங்கை லியோனில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க அம்மா, நான், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள் என்று கிளம்பினோம். அம்மாவுக்கு 68 வயது, இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டதற்கு அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அந்த ஊர் ஜனங்க காய்கறி வாங்குற சந்தையைப் பார்க்கணும்." லியோனிலிருந்து அதிவேக ரயிலில் புரோவான்ஸில் இருக்கும் அவிஞோன் நகருக்கு ஒரு மணி நேரம்தான். தங்கைக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நாங்கள் நால்வர் மட்டும் போய்த் தங்கினோம்.

இணையத்தில் தேடியபோது அந்த வேன் பயணம் கண்ணில் பட்டது. விளம்பரத்தில் கோர்து என்ற மலைக்கிராமத்தின் சந்தைப் படம். குடைகளுக்கு அடியில் தக்காளி, ஆலிவ், பின்னால் கல் கோட்டை. அடுத்த படத்தில் செனாங்க் மடாலயமும் அதன் முன் ஊதா வரிசைகளும். "தினமும் புறப்பாடு" என்று போட்டிருந்தார்கள். நான் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். பணம் கட்டும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சந்தை எந்தக் கிழமைன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார். வாரச்சந்தை கூடும் ஊரில் பிறந்து வளர்ந்தவர், அவருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும். "தினமும் போறாங்கம்மா, தினமும் இருக்கும்" என்றேன். அப்போதே தங்கைக்கு ஒரு போன் போட்டிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கோர்தின் சந்தை செவ்வாய்க்கிழமை காலை மட்டும். அதே பயணத்தில் மாலை நாங்கள் போய்ச் சேர்ந்த ரூசியோன் என்ற இன்னொரு கிராமத்தில் வியாழன். அங்கே சந்தை என்பது நம் ஊர் வாரச்சந்தை போலத்தான்: வாரத்தில் ஒரு நாள், காலை எட்டு மணி வாக்கில் தொடங்கி, பகல் ஒரு மணிக்குள் மேசை மடக்கி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். வியாபாரிகள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். இந்த ஊர்களெல்லாம் மிகச் சிறியவை. 'பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள்' என்ற சங்கம் 1982-ல் தொடங்கியது. 2,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊரை அதில் சேர்க்கவே மாட்டார்கள். கோர்தும் ரூசியோனும் அந்தப் பட்டியலில் இருப்பவை. அவ்வளவு சின்ன ஊரில் தினமும் சந்தை எப்படிக் கூடும்? ஆகவே "தினமும் புறப்பாடு" என்றும் "கிராமச் சந்தை" என்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தால், எந்தக் கிழமை எந்த ஊர் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நாங்கள் போன அதே சனிக்கிழமை காலை அப்த் நகரில் அந்தப் பகுதியின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. பழங்களைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் பழ மிட்டாய்க்குப் பேர்போன ஊர். ரூசியோனிலிருந்து காரில் இருபது நிமிடம் போல்தான். காலையில் நேராக அங்கே விட்டிருந்தால் அம்மா கேட்டது கிடைத்திருக்கும். அதைவிட்டு, சந்தையே இல்லாத கோர்தின் சதுக்கத்தில் எங்களை இறக்கிவிட்டு, "நாற்பது நிமிடம், சுதந்திரமாகச் சுற்றுங்கள்" என்றார் ஓட்டுநர். சந்தை எங்கே என்று கேட்டேன். "இன்று இல்லை, மதியம் வேறொரு சந்தைக்குப் போகிறோம்" என்றார்.

ஊரைக் குறை சொல்ல மாட்டேன். மலைச்சரிவில் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பது போல வெளிர் கல் வீடுகள், கீழே முழுப் பள்ளத்தாக்கு. அம்மா கல் சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

அடுத்து செனாங்க். 1148-ல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள் தொடங்கிய மடாலயம், இன்றும் துறவிகள் இருக்கிறார்கள். அந்தக் கல் கட்டடத்தின் எளிமைக்கே போகலாம். ஆனால் முன்னால் இருந்த வயலில் வெட்டி முடித்த பச்சைக் குத்துகள் மட்டும்தான். தாழ்வான இடங்களில் லாவெண்டர் ஜூன் பிற்பாதியிலிருந்து ஜூலை நடுவரைதான் நன்றாகப் பூத்திருக்கும், அப்புறம் அறுவடை. ஜூலை கடைசியிலும் பூ வேண்டும் என்றால் உயரமான சோ பீடபூமிப் பக்கம் போக வேண்டும். அங்கே ஆகஸ்ட் 15-ல்தான் லாவெண்டர் திருவிழாவே நடக்கிறது. ஓட்டுநரிடம் கேட்டதற்கு, "இந்த வருடம் சீக்கிரம் வெட்டிவிட்டார்கள்" என்றார். அப்படியானால் அந்த ஊதாப் படத்தைப் போட்டு அந்த வாரத்துக்கு ஏன் விற்றீர்கள்?

மதியச் சாப்பாட்டுக்கு அவரே ஓர் உணவகத்தில் விட்டார். அதைப் பற்றி ஒன்றே ஒன்று: தண்ணீர் கேட்டால் பாட்டில் தண்ணீரைக் கொண்டுவந்து திறந்துவிடுவார்கள். எங்களுக்கு இரண்டு பாட்டில், 14 யூரோ. "யூன் கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் இலவசமாகத் தர வேண்டும், அது அங்கே சட்டம்.

அப்புறம்தான் அந்த "வேறொரு சந்தை". நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. வாசலில் நான்கு மேசை, ஒரு கோடு போட்ட குடை, அதன் மேல் "புரோவான்ஸ் சந்தை" என்று பலகை. உள்ளே முழுக்க லாவெண்டர் பைகள், சோப்பு, மேசை விரிப்பு, குளிர்பதனப் பெட்டிக்கு ஒட்டும் காந்தம். எங்களைத் தவிர இன்னும் இரண்டு வேன்கள். காய்கறி ஒன்றுகூட இல்லை. அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம், கோர்தில் கிடைத்ததோ நாற்பது நிமிடம். ஓட்டுநரைக் கடைக்காரர் பெயர் சொல்லி வரவேற்று உள்ளே அழைத்துப் போய்க் காபி கொடுத்தார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

அங்கே "அசல் உயர்மலை லாவெண்டர்" என்று சொல்லி 10 மில்லி எண்ணெயை 19 யூரோவுக்கு விற்றார்கள். அம்மா மூட்டுவலிக்கு என்று வாங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்ததுமே, "இதுல கற்பூர வாசனை வருதே" என்றார். விற்ற பெண் சிரித்துக்கொண்டே, அதுதான் அசல் என்றாள். அம்மாவின் மூக்கு சொன்னதுதான் சரி. இரவு அறையில் புட்டியின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பினோம். "அக்கா, இது லாவாண்டின். லாவெண்டர் இல்லை" என்றாள்.

லாவாண்டின் என்பது உண்மையான லாவெண்டரும் இன்னொரு வகையும் கலந்த கலப்பினச் செடி. அதிகம் எண்ணெய் தரும், விலை மலிவு, சோப்புக்கும் துணி துவைக்கும் பொருளுக்கும் போகிறது. கற்பூர நெடி அதன் அடையாளம். அது கெட்ட பொருள் இல்லை, ஆனால் உயர்மலை லாவெண்டர் விலைக்கு விற்பது ஏமாற்று. புட்டியில் சின்ன எழுத்தில் தாவரப் பெயர் இருக்கும். 'லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்று இருந்தால் அசல். 'ஹைப்ரிடா' அல்லது 'இன்டர்மீடியா' என்று இருந்தால் லாவாண்டின். ஓட் புரோவான்ஸ் என்ற மேட்டுப் புரோவான்ஸ் பகுதியின் லாவெண்டர் எண்ணெய்க்கு 1981-லிருந்தே பிறப்பிடச் சான்று உண்டு, எங்கள் புட்டியில் அது இல்லை.

மார்செய் நகரத்தின் பெயரில் விற்கும் மார்செய் சோப்பும் அப்படியே. ரோஜா நிறம், மஞ்சள், ஊதா என்று ஆறு கட்டி 30 யூரோவுக்கு வாங்கினோம். பழைய முறைச் சோப்பில் 72 சதவீதம் தாவர எண்ணெய், வாசனைத் திரவியமோ சாயமோ கிடையாது. ஆலிவ் பச்சையாகவோ வெளிர் நிறமாகவோ கட்டியாக இருக்கும். ஆனால் 'மார்செய் சோப்பு' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வேறு நாட்டில் செய்ததற்கும் போடுகிறார்கள். மேலே அடித்திருக்கும் முத்திரையை நம்பாமல் பின்னால் உள்ள சேர்மானப் பட்டியலைப் பாருங்கள்.

ரூசியோன் சேர்ந்தபோது மாலை நான்கு தாண்டிவிட்டது. காவிமண் குன்றுகள், அதே நிறத்தில் வீடுகள். அரை மணி நேரத்தில் வேனுக்குத் திரும்பச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு, தங்கை சொன்னபடி நாங்களே அவிஞோன் நடுநிலையத்தில் உள்ளூர் ரயில் ஏறி லீல்-சுர்-லா-சோர்க் போனோம். அரை மணி நேரம்தான், டிக்கெட்டும் வேன் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஊரைச் சுற்றி ஆறு வாய்க்கால்களாகப் பிரிந்து ஓடுகிறது, பாசி பிடித்த நீர்ச்சக்கரங்கள் சுழல்கின்றன. கரையெல்லாம் கடைகள், பழம்பொருள் வியாபாரிகள். அம்மா கேட்ட சந்தை இதுதான். கவையோன் முலாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கினார். ஆட்டுப்பால் சீஸ் விற்ற ஒரு பாட்டி, எது புதியது எது முற்றியது என்று விரலைக் காட்டியே புரியவைத்தார். அம்மா தமிழில் கேட்டார், அவர் பிரெஞ்சில் பதில் சொன்னார், இருவரும் சரியான காசுக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அதே சந்தையில்தான் அடுத்த அடி. இதற்கு வேன் நிறுவனம் காரணம் இல்லை, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு மேசையில் நுகா என்ற தேன்-பாதாம் மிட்டாய் பெரிய பெரிய பாளங்களாக இருந்தது. பலகையில் பெரிதாக 4.50. மகள் ஆசைப்பட்டாள். கடைக்காரர் கத்தியைப் பாளத்தின் மேல் வைத்து "இவ்வளவா?" என்பது போலப் பார்த்தார். இரண்டு விரல் அகலம்தான், தலையாட்டினேன். வெட்டி, தராசில் வைத்து, தாளில் சுற்றி, 50 யூரோ 40 சென்ட் என்றார். 4.50-க்குக் கீழே பொடி எழுத்தில் "100 கிராம்" என்று இருந்தது. துண்டு 1 கிலோ 120 கிராம். நுகா பார்வைக்கு லேசாக இருக்கும், எடை கல் போல. வேண்டாம் என்றதும் குரலை உயர்த்தினார், வெட்டியாயிற்று, திரும்ப வைக்க முடியாது என்றார். பின்னால் வரிசை நின்றது. அம்மா பயந்துபோய், "கொடுத்துட்டு வா" என்றார். கொடுத்தேன். இது அங்கே பழைய தந்திரமாம், பழ மிட்டாயிலும் உலர்ந்த தொத்திறைச்சியிலும் நடக்கும் என்று தங்கை பிறகு சொன்னாள். நாம் ஊரில் பத்து ரூபாய்க்குக் கொத்தமல்லி கேட்பது போலக் காசைச் சொல்லிக் கேளுங்கள்: "பூர் சாங்க் யூரோ", ஐந்து யூரோவுக்கு. கத்தி இறங்கும் முன் தராசில் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

கிழமை விவரம் கேட்பவர்களுக்கு, இந்த ஊர்கள் இருக்கும் லூபெரோன் மலைப் பகுதிச் சுற்றுவட்டாரத்தில் நான் இப்போது குறித்து வைத்திருப்பது: திங்கள் கவையோன், செவ்வாய் கோர்து, புதன் சான்-ரெமி, வியாழன் ரூசியோன், வெள்ளி லூர்மரான், பொன்னியூ, சனி அப்த், ஞாயிறு லீல். லீலில் வியாழனும் உண்டு, ஞாயிறு அளவுக்குப் பெரிதாக இருக்காது. எங்கே போனாலும் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். காய்கறி மேசைகளில் விளைந்த இடம் எழுதியிருக்க வேண்டும், பார்த்து வாங்கலாம்.

வேன் நிறுவனத்துக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதினோம். "சந்தையும் பூவும் கிடைப்பதைப் பொறுத்தது என்று நிபந்தனையில் இருக்கிறது" என்று பதில். தங்கை தேடிப் பார்த்தாள். பிரெஞ்சுப் பக்கத்தில் அந்த வரி இருந்தது, நாங்கள் பணம் கட்டிய ஆங்கிலப் பக்கத்தில் இல்லை. இரண்டு பக்கங்களையும் படமெடுத்து, பிரெஞ்சு அரசின் 'சிக்னல்கோன்சோ' என்ற நுகர்வோர் புகார்த் தளத்தில் பதிந்தாள். புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதிய பிறகு ஆளுக்கு 25 யூரோ, மொத்தம் 100 யூரோ திரும்ப வந்தது. மீதி 280 யூரோவுக்கு அட்டை கொடுத்த வங்கியில் ஆட்சேபம் போட்டிருக்கிறோம். விளம்பரத்தின் படங்கள், எங்கள் பயணத் தேதி, அன்று வயலில் எடுத்த படம், மூன்றையும் இணைத்திருக்கிறேன். முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.