கமில் கிளிக் பெயர் போட்ட டோரினோ ஜெர்சி: நான்கு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

இத்தாலியின் டூரினில் சனிக்கிழமைதோறும் கூடும் பலோன் பழம்பொருள் சந்தையில் இதை 35 யூரோவுக்கு வாங்கினேன். 2014-15 சீசனில் அந்த ஊர்க் கால்பந்து அணியான டோரினோ போட்ட ஜெர்சி. கப்பா தயாரிப்பு, நெஞ்சில் சுசூகி விளம்பரம், முதுகில் 25, அதன் மேல் அந்த அணிக்கு ஆடிய கிளிக்கின் பெயர். விற்ற பெரியவர் 50 சொன்னார். கடைசி எழுத்தின் கால் விரிசல் விட்டிருப்பதைக் காட்டியதும் இறங்கி வந்தார்.

முதலில் நிறம். இத்தாலியர்கள் ‘கிரனாத்தா’ என்கிறார்கள். சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. நன்றாகப் பழுத்த மாதுளையைப் பிளந்தால் தெரிகிற முத்தின் நிறம். பத்து வருடம் தாண்டிய துணி, இன்னும் சாயம் போகவில்லை. தையலும் எங்கேயும் விடவில்லை. அளவுதான் பார்த்து எடுக்க வேண்டும். உடம்போடு ஒட்டி நிற்கிற வெட்டு இது. எதிராளி சட்டையைப் பிடித்து இழுத்தால் துணி நீண்டு நடுவர் கண்ணில் படட்டும் என்றுதான் கப்பா இந்த மாதிரி ஜெர்சிகளைக் கொண்டுவந்தது. நான் வழக்கம்போல எல் எடுத்தேன், தோளில் பிடிக்கிறது. நீங்கள் ஒரு அளவு பெரிதாகவே எடுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில் கையால் அலசினால் போதும். அச்சின் மேல் அயர்ன் படவே கூடாது. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

சரி, ஏன் கிளிக்? கோல் அடித்தவர்களின் பெயர் போட்டதும் அதே கடையில் தொங்கியது. நான் தேடிப் போனது இந்தப் பெயரைத்தான்.

போலந்தின் சிலேசியாவில், நிலக்கரிச் சுரங்க ஊரான யஸ்ட்ஷெம்பியே ஸ்ட்ருய்யில் 1988-இல் பிறந்தவர். இளம் வயதிலேயே ஸ்பெயினுக்குப் போய் ரியல் மாட்ரிட்டின் சி அணி வரை ஆடினார். அது தொடரவில்லை. ஊர் திரும்பி பியாஸ்ட் கிளிவித்சே அணியில் ஆடி, 2010-இல் பலேர்மோ வழியாக இத்தாலிக்கு வந்தார். அங்கே பெரும்பாலும் பெஞ்சுதான். அடுத்த ஜனவரியில் பாரி அணிக்குக் கடனாகப் போனபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் வெந்தூரா. 2011-இல் டோரினோவுக்கு வந்த வெந்தூரா இவரையும் கூட்டிக்கொண்டார். அப்போது டோரினோ இரண்டாம் டிவிஷனில் இருந்தது. ஒரே வருடத்தில் மேலே ஏறியது.

அவர் வேகமான ஆட்டக்காரர் இல்லை. 2012 டிசம்பரில், அதே ஊரின் இன்னொரு அணியான ஜுவென்டஸுக்கு எதிரான டெர்பியில் ஜக்கெரினியைக் கால் தூக்கிச் சாய்த்து, முதல் பாதியிலேயே சிவப்பு அட்டை வாங்கினார். டோரினோ 3-0 என்று தோற்றது. அந்த ஆளைத்தான் அடுத்த சீசனில் கேப்டன் ஆக்கினார்கள். இந்த ஜெர்சி போட்ட சீசனில் லீகில் 7 கோல் அடித்தார், கோலைத் தடுக்க நிற்கிற ஒரு சென்டர் பேக்! அதே சீசனில் ஸ்பெயினின் பில்பாவோ அணியை அதன் சான் மமேஸ் மைதானத்திலேயே டோரினோ 3-2 என்று ஜெயித்தது. அந்த மைதானத்தில் ஓர் இத்தாலிய அணி ஜெயித்தது அதுவே முதல் தடவை. அப்புறம் 2015 ஏப்ரல் 26, டெர்பியில் 2-1. ஜுவென்டஸின் பிர்லோ முதலில் அடித்தார், டோரினோவின் டார்மியானும் குவாலியரெல்லாவும் திருப்பிக் கொடுத்தார்கள். டெர்பியில் டோரினோ ஜெயித்து அன்றைக்கு இருபது வருடம் ஆகியிருந்தது. 2016-இல் மொனாக்கோ போய், முதல் சீசனிலேயே பிரெஞ்சு லீக் பட்டம் வென்றார். போலந்துக்காக 103 ஆட்டம்.

பட்டம் வென்றது மொனாக்கோவில்தான், ஆனாலும் எனக்கு டோரினோ ஜெர்சிதான் வேண்டும். காரணம் டூரினுக்குப் பக்கத்துக் குன்றான சூப்பர்கா. 1949 மே 4-ஆம் தேதி, லிஸ்பனிலிருந்து திரும்பிய டோரினோ அணியின் விமானம் அந்தக் குன்றின் மேலுள்ள பசிலிக்காவின் பின்சுவரில் மோதியது. விமானத்தில் இருந்த 31 பேரும் இறந்துபோனார்கள். ஒவ்வொரு மே 4-ஆம் தேதியும் அணியின் கேப்டன் அங்கே நின்று அவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். கிளிக் வாசித்ததை வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வேறு தேசத்து நாக்கு. ஆனாலும் அவசரமே இல்லாமல், ஒரு பெயரைக்கூட விழுங்காமல் வாசிக்கிறார்.

போன மாதம் இந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு மேலே போனேன். நினைவுக் கல்லுக்கு முன்னால் சிலர் மாதுளை நிறத் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் கல்லிலிருந்த பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஓர் அம்மா என் முதுகில் விரிசல் விட்ட அந்த எழுத்தை விரலால் நீவிவிட்டு, “கப்பித்தானோ” என்றார்.