அம்மாவின் சிறுகுடலும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியும்

அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மாவை மூன்று முறை ரத்தம் ஏற்றக் கூட்டிப்போயாயிற்று. ஹீமோகுளோபின் 6-க்கு இறங்கும், ஏற்றினால் 9, இரண்டே மாதத்தில் பழையபடி. மலம் தார் மாதிரி கறுப்பு, உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். வாய்வழி எண்டோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி இரண்டிலும் ஒன்றும் இல்லை. நடுவில் சுருண்டு கிடக்கும் சிறுகுடலின் பெரும்பகுதிக்கு அவை எட்டாது என்று இந்தப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி டாக்டர்தான் படம் வரைந்து விளக்கினார். அதற்கே ஒரு ஸ்டார்.

முதலில் கேப்ஸ்யூல். கேமரா வைத்த மாத்திரை, இடுப்பில் ரெக்கார்டர். "ஏல, முழுங்குனத திருப்பிக் கேப்பாவளா?" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. கேட்கமாட்டார்கள், தானே வெளியேறிவிடும். ஆனால் அது பார்க்கும், வைத்தியம் செய்யாது.

கசியும் இடம் தெரிந்ததும் டபுள் பலூன் என்டரோஸ்கோப்பி. ஜப்பான் டாக்டர் யமமோட்டோ கொண்டுவந்த முறை. வாய்வழியே விடும் கேமரா குழாயின் நுனியில் ஒரு பலூன், மேலுறையில் இன்னொன்று. இரண்டையும் மாறி மாறி ஊதிப் பிடித்து, பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோல் குடலைக் குழாய்மேல் சுருக்கி ஏற்றுகிறார்கள். மயக்கத்தில் ஒன்றரை மணி நேரம். கசிந்த ரத்தநாளத்தை ஆர்கான் வாயு வழியே சுட்டு அடைத்தார்கள். வயிற்றில் கத்தியே படவில்லை. தொண்டை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

குறை? கேப்ஸ்யூல் செலவு காப்பீட்டில் வராது என்பதை பில் கவுண்டரில்தான் சொன்னார்கள். வெறும் வயிற்றோடு வந்தவளை 11 மணி வரை உட்கார வைத்ததும் சரியில்லை. அதற்காக ஒரு ஸ்டாரைப் பிடித்துக்கொண்டேன்.

ஐந்து மாதமாக ஹீமோகுளோபின் 11. நேற்று அவளே தேங்காய் திருகி சொதி வைத்தாள்.