முகப்பில் ஒரு மனு: சியோலின் ஜியோன் தே-இல் நினைவகம்

சியோல் நகரின் நடுவே ஓடும் சியோங்கேசியோன் ஓடைக்கரையில் 2019இல் திறக்கப்பட்ட ஜியோன் தே-இல் நினைவகத்திற்குச் செல்பவர்கள், உள்ளே நுழையும் முன் சற்றுத் தள்ளி நின்று அதன் முகப்பை அண்ணாந்து பார்த்துவிட வேண்டும். தையல் தொழிலாளியான அந்த இளைஞர் 1969இல் தொழிலாளர் ஆய்வாளருக்கு எழுதிய மனுவின் வாசகங்களே முகப்பை நிறைத்திருக்கின்றன. அக்காலத்தில் குடியரசுத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்திலோ, 14 மணி நேர வேலையை 10 முதல் 12 மணி நேரமாகக் குறைக்க வேண்டும், மாதம் இரண்டு நாள் என்பதற்குப் பதிலாக ஞாயிறுதோறும் விடுமுறை வேண்டும், உடல்நலப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்ய வேண்டும், நாளொன்றுக்கு 70 முதல் 100 வோன் பெறும் 'ஷிடா'க்களின் கூலியை 50 விழுக்காடாவது உயர்த்த வேண்டும் என்பவைதாம் கோரிக்கைகள். எட்டு மணி நேர வேலையை 1953ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்திருந்த நாட்டில், சட்டம் தந்ததைவிடக் குறைவாகக் கேட்டுவிட்டு, இது மிகையான கோரிக்கை அன்று எனச் சத்தியமும் செய்கிறார்.

ஷிடா என்பவர் தையற்காரருக்கு உதவியாள். திருப்பூரில் கைமடி என்பார்களே, அவரைப் போல. பெரும்பாலும் சிறுமிகள், சராசரி வயது 15 என்று அந்தக் கடிதமே சொல்கிறது. ஒரு தளத்தைக் குறுக்கே பலகையடித்து இரண்டாக்கி, நிமிர்ந்து நிற்க முடியாத பரணில் அவர்கள் வேலை செய்த பட்டறையை உள்ளே மாதிரியாக அமைத்திருக்கிறார்கள். என்னை அதிக நேரம் நிறுத்தியது அதுதான். பேருந்துக் காசில் அச்சிறுமிகளுக்குப் பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஜியோன் பல மணி நேரம் நடந்தே வீடு திரும்பிய கதையை அந்தப் பரணைப் பார்த்த பிறகு கேட்பது வேறு.

சீன எழுத்துகள் மண்டிய சட்டநூலைப் படித்துச் சொல்ல ஒரு கல்லூரி நண்பன் இல்லையே என்று ஏங்கியவர், 1970 நவம்பர் 13 அன்று, தமது 22ஆம் வயதில், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தக் கோரித் தீக்குளித்து இறந்தார். ஒருவர் பெயரில் அமையும் நினைவகங்களில் அவர் மரணத்தோடு பார்வையாளரின் கவனம் முடிந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நவம்பர் 27 அன்றே உருவான சியோங்கே ஆடைத் தொழிலாளர் சங்கமும், 1977இல் தங்கள் தொழிலாளர் வகுப்பறையைக் காக்கப் போராடிய இளம்பெண்களும், 2011இல் மறையும்வரை தொழிலாளர்களோடு நின்ற தாய் லீ சோ-சன்னும் இந்த வரலாற்றின் பெரும்பகுதி என்பதால், அவர்களுக்கும் நேரம் ஒதுக்கிக்கொண்டு போவதே முறை.

அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. ஜோங்னோ 3-கா நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். வெளியே வந்ததும் ஓடையை ஒட்டிக் கிழக்கே நடந்தால், அவர் வேலை செய்த பியோங்ஹ்வா சந்தையின் எதிரே, பாலத்தின்மீது அவருடைய மார்பளவுச் சிலை நிற்கிறது. சந்தையில் இன்றும் துணி வியாபாரம்தான்.