செமி அட்ஜஸ்டபிள் என்று சொல்லி என் தலையில் கட்டிய ஆர்ட்டிகுலேட்டர்

தர்மபுரியில் சின்னதாக ஒரு பல் லேப் நடத்துகிறேன். நானும் ஒரு உதவியாளரும்தான். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து கிளினிக்குகளிலிருந்து அச்சு வரும். முழு பல்செட்டும், சில பற்கள் மட்டும் வைத்துக் கழற்றி மாட்டும் பார்ஷியலும் செய்து பஸ்ஸில் போட்டு அனுப்புவோம். பத்து வருடத்துக்கு மேல் ஓடிய தொழிலில் மூன்றே மாதத்தில் என் பெயரைக் கெடுத்துக்கொண்டேன். அதில் பாதிக் குற்றம் என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்ட்டிகுலேட்டர் என்பது அச்சிலிருந்து வார்த்த மேல், கீழ் தாடை மாடல்களை மாட்டி, வாய்போல மூடித் திறந்து கடியைப் பார்க்கும் சாதனம். அதுவரை என்னிடம் இருந்தது மீன் வேல்யூ (mean value), அதாவது சராசரி அளவில் செய்த ஆர்ட்டிகுலேட்டர்தான். காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டுக் குமிழ்களான இரண்டு காண்டைலுக்கும் கீழ் முன்பல்லின் நடுப்புள்ளிக்கும் இடையே 4 அங்குலச் சமபக்க முக்கோணம் என்று 19ஆம் நூற்றாண்டில் பான்வில் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் போட்ட கணக்கை ஒட்டி வந்த சாதனம் அது. காண்டைல் வழுக்கி இறங்கும் சரிவை 30 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருப்பார்கள், திருக ஒன்றும் இருக்காது. நன்றாகத்தான் ஓடியது. ஆனால் சேலத்தில் ஒரு நண்பர் லேபில், அந்தச் சரிவை ஆளுக்கு ஏற்பத் திருகி மாற்றக்கூடிய செமி அட்ஜஸ்டபிளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். வெளியூர் டீலர். பெயர் பெற்ற மாடல், ஆர்க்கான் டைப் (நிஜத் தாடைபோலக் குமிழ் கீழ்ப் பாகத்தில் இருக்கும் வகை), ஃபேஸ்போ (மூட்டிலிருந்து மேல் தாடை எங்கே இருக்கிறது என்று முகத்தில் வைத்து அளக்கும் சட்டம்) இலவசம், 18,500 ரூபாய் என்றார். அசல் இந்த விலைக்கு வராது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. "கம்பெனி ஸ்டாக் கிளியரன்ஸ் சார்" என்றார். சரி என்றேன். பில் கேட்டதற்கு ஒரு கொட்டேஷன் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் சரி என்றேன்.

முதல் நாளே ஃபேஸ்போ தன் வேலையைக் காட்டியது. அதன் காதுத் துண்டில் உள்ள துளை ஆர்ட்டிகுலேட்டரின் பக்கவாட்டு முளையில் ஏறவே இல்லை. இது வேறு ஏதோ ஆர்ட்டிகுலேட்டரின் ஃபேஸ்போ. போன் செய்தால், "அரத்தால லேசா ஒரு தேய் தேய்ங்க சார், உக்காந்துடும்" என்றார். தேய்த்தேன். அதை எழுதவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் கேஸ் பென்னாகரம் பக்கத்து ஒரு பாட்டி. முழு செட். மெழுகில் பல் அடுக்கி ஆர்ட்டிகுலேட்டரில் மூடிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பிரமாதமாகக் கடித்தது. ட்ரை-இன்னில், அதாவது மெழுகுச் செட்டைப் போட்டுப் பார்க்கும்போது, வாயில் வைத்தால் வலது கடைவாய் மட்டும் தட்டுகிறது, இடதில் ஒரு தாள் போய் வருகிறது. டாக்டரம்மா போன் செய்து, "அண்ணா, பைட் மாத்தி மவுண்ட் பண்ணிட்டீங்களா?" என்றார். நான் மனதுக்குள் அவர் பைட், அதாவது கடிப் பதிவு, எடுத்ததைக் குறை சொன்னேன். திரும்ப பைட், திரும்ப மவுண்ட், திரும்ப அதே கதை. பாட்டி மூன்று முறை பஸ் ஏறி வந்தார். "களின்னா முழுங்கிடுவேன் சாமி, நெலக்கடலைதான் கடிக்க முடியல" என்று கிளினிக்கில் சொன்னாராம்.

அடுத்த இரண்டு கேஸும் அப்படியே வந்தபிறகுதான் சாமானைச் சந்தேகப்பட்டேன். மேல் கையை மூடித் திறக்க மட்டும் விடும் சென்ட்ரிக் லாக்கை இறுக்கிப் பூட்டிவிட்டு மேல் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் லொட லொட என்று ஆடுகிறது. பூட்டிய கதவு ஆடுவதுபோல. அப்புறம் ஒரு வேலை செய்தேன். மாடல் எதுவும் மாட்டாமல், முன்பக்கம் உயரத்தைத் தாங்கி நிற்கும் இன்சைசல் பின்னுக்குக் கீழே மேஜைத் தட்டில், பட்ட இடத்தில் நிறம் ஒட்டும் ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரை வைத்து, பூட்டிய நிலையில் பத்து முறை தட்டினேன். ஒரே இடத்தில் ஒரே புள்ளி விழ வேண்டும். கொசு அடித்த சுவர்போல நாலைந்து புள்ளிகள் விழுந்தன. அதாவது ஒவ்வொரு முறை நான் மூடும்போதும் தாடை ஒவ்வொரு இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் அந்த ஆட்டத்துக்குப் பல் அடுக்கியிருக்கிறேன். சரிவை டிகிரியில் காட்டும் காண்டைல் ஸ்கேலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் 30-இல் வைத்து மேல் கையைக் கொஞ்சம் அழுத்தினால் வலது பக்க ஸ்க்ரூ வழுக்கி 20-க்கு இறங்கிவிடுகிறது. மாடலைப் பிடிக்கும் மவுண்டிங் பிளேட்டின் மரையும் தளர்வு, பிளாஸ்டரோடு மாடல் ஒரு நூல் திரும்புகிறது.

பல்செட் வேலையில் இந்த ஆட்டம் இரட்டை நஷ்டம். அக்ரிலிக் வெந்து ஆறும்போது சுருங்கும், பல் கொஞ்சம் நகரும். அதனால்தான் செட்டை வேகவைத்த ஃபிளாஸ்க் என்ற பெட்டியை உடைத்ததும் செட்டை மாடலோடு திரும்ப ஆர்ட்டிகுலேட்டரில் ஏற்றி, இன்சைசல் பின் எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பார்த்து உயரமான இடத்தைத் தேய்ப்போம். ஏற்றும் இடமே நிலையாக இல்லையென்றால் சரியான பல்லைத் தேய்த்துத் தள்ளுவோம். தள்ளினேன்.

இனி என் பங்கு. செமி அட்ஜஸ்டபிளுக்கு ஃபேஸ்போ பதிவு வேண்டும், கீழ்த் தாடையை முன்னுக்குத் தள்ளிக் கடிக்க வைத்து எடுத்த புரோட்ரூசிவ் பதிவு வேண்டும். எனக்கு வேலை அனுப்பும் டாக்டர்களில் ஒருவர் தவிர யாரும் இதை அனுப்புவதில்லை. மெழுகு ரிம்மில் ஒரு பைட், அவ்வளவுதான். அந்தப் பதிவுகள் இல்லாமல் அசல் சாமானே வாங்கியிருந்தாலும் ஸ்கேலை 30-இல் வைத்துத்தான் ஓட்டியிருப்பேன். அதாவது விலை கூடின மீன் வேல்யூ. பார்ஷியலுக்கு அது இன்னும் வீண். மூன்று பல், நான்கு பல், சுற்றிலும் சொந்தப் பல் நிற்கிற கேஸில் மாடலைக் கையில் பிடித்தாலே கடி தானாகப் பொருந்தும், ஆடாத சாதாரண கீல் போதும். இரண்டு பக்கமும் கடைவாய் முழுக்கப் போன கேஸ் வந்தால்தான் யோசிக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் பார்ஷியலுக்கு உண்மையான தலைவலி நிறம்தான். ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் பல்லில் பழுப்பு வரி இருக்கும், பக்கத்தில் நான் வைத்த புதுப் பல் சுண்ணாம்பு அடித்ததுபோல நிற்கும். அதற்கு எந்த ஆர்ட்டிகுலேட்டரும் உதவாது.

டீலரைக் கேட்டேன். "நீங்க கீழ போட்டிருப்பீங்க சார்" என்றார். பிறகு அரத்தால் தேய்த்ததால் ரிட்டர்ன் கிடையாது என்றார். தேய்க்கச் சொன்னதே அவர்தான், ஆனால் அது வெறும் போன் பேச்சு. இப்போது எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்திருக்கிறேன். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் வழக்கு போட முடியாது என்று சிலர் சொன்னார்கள். 2019 சட்டத்தில் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு, 5 லட்சம் வரை கொடுத்த பொருளுக்குக் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் பில் இல்லை. யூபிஐ ஸ்கிரீன்ஷாட்டும் அந்தக் கொட்டேஷன் தாளும்தான் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் மனு எழுதுகிறேன்.

மூன்று செட்டையும் பழைய மீன் வேல்யூவில் இலவசமாகத் திரும்பச் செய்து கொடுத்தேன். பாட்டியின் பஸ் காசையும் டாக்டரம்மாவிடம் கொடுத்தனுப்பினேன்.

அந்த ஆள் இப்போது கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. பெட்டி நீல நிறம், உள்ளே கறுப்பு ஸ்பாஞ்ச், கம்பெனிப் பெயர் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் வரும். வந்தால் பணத்தை எடுக்கும் முன் ஒரு துண்டு ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரை எடுத்து, லாக்கைப் பூட்டி, அவர் கண் முன்னாலேயே பத்து முறை தட்டிப் பாருங்கள்.