மாங்காய் சீசன் முடிந்ததும் எந்தத் தீவுக்குப் போவது? பாம்பன், லட்சத்தீவு, அந்தமான், செயின்ட் மேரிஸ்: தர்மபுரியிலிருந்து ஓர் அலசல்

பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் ரயிலை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் 'ஐலண்டு எக்ஸ்பிரஸ்' என்றுதான் சொல்வார்கள். மொரப்பூர், பொம்மிடி வழியாக ஓடும் அந்த வண்டிக்கு எதற்காகத் தீவின் பெயர் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததே இல்லை. கடல் இல்லாத மாவட்டம் எங்களுடையது. ஒகேனக்கல்லில் ஆற்றுக்கு நடுவே நிற்கும் பாறைத் திட்டுகள்தான் எங்களுக்குத் தெரிந்த தீவு. அந்த வண்டி ஒரு காலத்தில் கொச்சித் துறைமுகத்தில், வெலிங்டன் தீவில் போய் நின்றதாம். அதனால் வந்த பெயர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தத் தீவின் பெரும்பகுதியே துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியது.

இப்போது இதை எழுதக் காரணம் காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் அக்கா. அவர்களுக்கு மாந்தோப்பு உண்டு. "இந்த வருஷம் சீசன் முடிஞ்சதும் எல்லாரும் ஒரு தீவுக்குப் போகணும், நீதான் சொல்லணும்" என்று கேட்டுவிட்டார். அக்கா மகளுக்கு அந்தமான் வேண்டும். மாமா யாரோ சொல்லிக் கேட்டு லட்சத்தீவு என்கிறார். முழங்கால் வலியோடு இருக்கும் அம்மாவுக்கு ராமேஸ்வரம். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பியோ, "ரெண்டு நாள் போதும், உடுப்பி பக்கத்துல செயின்ட் மேரிஸ் போயிட்டு வந்துடலாம்" என்கிறான். நாலு இடத்துக்கும் நான் போயிருக்கிறேன். நாலையும் 'தீவு' என்ற ஒரே சொல்லில் அடக்குவதே சரியில்லை என்று தோன்றும் அளவுக்கு ஒவ்வொன்றும் ஒரு விதம்.

முதலில் மாதத்தைப் பார்க்க வேண்டும். இங்கேதான் எங்கள் பக்கத்து ஆட்கள் தவறு செய்கிறார்கள். பெங்களூரா மாங்காய் கூழ் ஆலைக்குப் போய்ப் பணம் கைக்கு வர ஜூலை கடைசி, ஆகஸ்ட் ஆகிவிடும். அது தென்மேற்குப் பருவமழைக் காலம். மேற்குக் கடலில் அலை எழும்பி, மல்பேயிலிருந்து செயின்ட் மேரிஸுக்குப் படகே விடமாட்டார்கள். லட்சத்தீவுக் கப்பல்கள் குறைந்துவிடும். அந்தமானில் மே மாதமே மழை இறங்கிவிடும். மிச்சம் இருப்பது ராமேஸ்வரம் இருக்கிற பாம்பன் தீவு ஒன்றுதான். அங்கே பெரிய மழை அக்டோபருக்கு அப்புறம் வடகிழக்குப் பருவத்தில்தான். ஆகஸ்டில் காற்று பலமாக இருக்கும், மணல் முகத்தில் அடிக்கும், ஆனால் பயணம் கெடாது. ஆகவே ஆகஸ்டில் போவதென்றால் கேள்விக்கே இடமில்லை, ராமேஸ்வரம்தான். ஜனவரி, பிப்ரவரி வரை காத்திருக்க முடியும் என்றால் மட்டும்தான் மற்ற மூன்றையும் பேச வேண்டும்.

எல்லோரும் கடற்கரை அழகை வைத்துத் தீவுகளை ஒப்பிடுவார்கள். நான் குடிதண்ணீரை வைத்துப் பார்க்கிறவன். நான் வளர்ந்த ஊரில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு. என் வயதுக்காரர்கள் பலரின் பற்களில் அந்தப் பழுப்புக் கறை இன்னும் இருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தபிறகுதான் நிலைமை மாறியது. நாலாபுறமும் உப்புத் தண்ணீர் சூழ்ந்த இடத்தில் ஒரு ஊர் எப்படிக் குடித்து வாழ்கிறது என்பது எனக்கு எந்தக் கடற்கரையையும் விடப் பெரிய காட்சி. அப்படிப் பார்த்தால் இந்த நாலு தீவுகளின் குணமும் தெளிவாகப் பிரிந்துவிடும்.

பாம்பனில் தனுஷ்கோடிக்குப் போங்கள். கடல் பத்தடி தள்ளி இருக்கும். மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். முதல் தடவை அதை வாயில் விட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. நம்ம ஊரில் 1,000 அடி போர் போட்டும் காற்று வருகிறது. இங்கே முழங்கை ஆழத்தில் தண்ணீர். காரணம் எளிதுதான்: மழைநீர் கடல்நீரை விட லேசு. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கையால் மெதுவாக எடுக்கிறவரை கிடைக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும்.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் அழிந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். பயணிகளோடு வந்த ரயிலையே கடல் கொண்டுபோனது. இடிந்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் மிச்சமும் இன்னும் நிற்கின்றன. அந்த இடத்தில் சத்தம் போட்டு செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். 2017-லிருந்து அரிச்சல்முனை வரை தார்ச்சாலை இருப்பதால் அம்மா மாதிரி நடக்க முடியாதவர்களும் கடைசி நுனி வரை வண்டியிலேயே போகலாம். அந்தச் சாலையில் போகும்போது ஒரு பக்கம் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், மறுபக்கம் பாக் கடல் குளம் மாதிரி கிடக்கும். அங்கே மீனவர்கள் ஒன்றை ஆண் கடல், மற்றதைப் பெண் கடல் என்பார்கள். ஆகஸ்ட் காற்றில் போனால் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அப்புறம் பாலம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், நடுவில் இரண்டு கைகளைத் தூக்குவது போல் திறந்து கப்பலுக்கு வழி விட்டது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. இரண்டு வருஷத்துக்கும் மேலாகத் தீவுக்குள் வராமல் நின்றிருந்த ரயில், மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. எங்கள் பக்கத்திலிருந்து சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஏறக்குறைய 470 கி.மீ. மதுரையில் ஒரு இரவு தங்கிவிட்டு, காலை ரயிலில் பாலம் கடப்பதுதான் என் யோசனை. சாலைப் பாலத்தில் காரில் கடந்தால் அந்த அனுபவம் பாதிதான்.

பாம்பனின் குறையையும் சொல்ல வேண்டும். பவளம், வண்ண மீன் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் இடையே இருக்கும் 21 குட்டித் தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா; இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. முன்பு அங்கிருந்து பவளப் பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. கல்குவாரிகளில் மலைகள் கரைவதைக் கண்முன்னே பார்க்கிற கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, லட்சத்தீவு. தண்ணீர்க் கதை அங்கே இன்னும் நுட்பமானது. 36 தீவுகள், எல்லாம் சேர்த்தே 32 சதுர கி.மீ., மக்கள் இருப்பது 10-ல். ஆறு இல்லை, மலை இல்லை, கல்லே இல்லை. பவளப் பூச்சிகள் கட்டிய மேட்டின் மேல் பவள மணல் சேர்ந்து, கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்தில் நிற்கும் நிலம். தனுஷ்கோடியில் பார்த்த அதே மிதக்கும் நல்ல தண்ணீர்தான் இங்கே ஒரு சமூகத்தையே தலைமுறை தலைமுறையாக வாழவைத்தது. ஆள் கூடியதும் அது போதவில்லை. 2005-ல் கவரத்தியில் சென்னையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு ஆலை போட்டது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான கடல்நீரை, காற்றழுத்தத்தைக் குறைத்த தொட்டிக்குள் விட்டால் அது தானாக ஆவியாகும். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்தால் குடிதண்ணீர். நாளைக்கு 1 லட்சம் லிட்டர். கடலின் மேலுக்கும் அடிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்தே தண்ணீர் எடுக்கிறார்கள். என் தம்பிக்கு இதைச் சொன்னபோது அவனும் மனம் மாறி லட்சத்தீவுப் பக்கம் சாய்ந்தான்.

கண்ணுக்கு அழகு என்று பார்த்தாலும் நாலில் லட்சத்தீவுதான் முதலிடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பவளத் திட்டு வெளியே அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் நீர் அசையாமல் பச்சைக் கண்ணாடி மாதிரி கிடக்கும். நீச்சல் தெரியாத குழந்தைகூட இடுப்பளவு நீரில் நின்று மீன் பார்க்கலாம். பேச்சு மலையாளத்தின் ஒரு வகை. கவனமாகக் கேட்டால் நமக்குப் பாதி புரியும். மினிக்காயில் மட்டும் பேச்சே வேறு, அது மாலத்தீவுப் பக்கத்து மொழி. நம் சமையலில் சிலர் சேர்க்கும் மாசிக் கருவாட்டுக்கு அந்தத் தீவு பெயர் போனது.

ஆனால் சுலபமாகப் போய்விட முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சியிலிருந்து கப்பலில் 14 முதல் 18 மணி நேரம், இல்லையென்றால் அகத்திக்கு விமானம். தங்கும் இடம் குறைவு. நினைத்த நேரத்தில் கிளம்பும் பழக்கமுள்ள எங்கள் குடும்பத்துக்கு அது சிரமம். ஆனாலும் இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் நினைக்கிறேன். கடல்நீர் சூடாகி 1998, 2010, 2016 என்று அடுத்தடுத்துப் பவளம் வெளிறிப்போன இடம் அது. பவளம் செத்தால் அலையைத் தடுக்க ஆளில்லை, மணல் சேர வழியில்லை, தீவே நிற்காது. தயவுசெய்து கரையில் கிடக்கும் ஒரு துண்டுப் பவளத்தைக்கூடப் பையில் போடாதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

அந்தமான் இதற்கு நேர் எதிர். மியான்மரின் அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, அதன் உச்சிகள் மட்டும் வெளியே தெரிவதுதான் அந்தமான். வடக்கே இருக்கும் சாடில் சிகரம் 732 மீட்டர். நம் வத்தல்மலை அதைவிட உயரம். மழை ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவுக்குப் பெய்கிறது, நமக்குக் கிடைப்பது 800, 900. அவ்வளவு மழை பெய்தும் கோடையில் போர்ட் பிளேயரில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். சரிவில் விழுகிற மழை நிற்காமல் கடலுக்கு ஓடிவிடுகிறது, தேக்கி வைக்க தனிக்காரி அணையை விட்டால் பெரிதாக எதுவும் இல்லை. நம் முன்னோர் ஏரி வெட்டியதன் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது.

போர்ட் பிளேயருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ விமானம் உண்டு. கப்பல் என்றால் மூன்று நாள், அம்மாவை வைத்துக்கொண்டு அதை நினைக்கவே வேண்டாம். அந்தமானில் தமிழ் பேசி எளிதாகச் சமாளிக்கலாம். செல்லுலார் சிறையை அக்கா மகள் மாதிரி ஒரு மாணவி அவசியம் பார்க்க வேண்டும். 693 தனிக்கொட்டடிகள், ஒரு வரிசையின் முகம் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்பதற்காக. ஏழு கிளைகளில் இன்று நிற்பது மூன்று. இன்னொரு விஷயம்: அங்கே விடிவது நமக்கு முன்பே. டிசம்பரில் காலை ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், மாலை ஐந்தரைக்கு இருட்டு. பத்து மணிக்கு எழுந்து கிளம்புகிறவர்கள் பாதி நாளைத் தொலைப்பார்கள்.

அங்கே பாராடாங் தீவுப் பயணத்தை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் சாலையில் வரிசை கட்டி வண்டிகள் போகும். சுண்ணாம்புக் குகை பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டாலும், வண்டியில் இருந்த பலருடைய கண் ஜன்னலுக்கு வெளியே மனிதர்களைத் தேடியதை நான் பார்த்தேன். அதே காசில் ராதாநகர் கடற்கரையில் இன்னொரு நாள் இருக்கலாம்.

செயின்ட் மேரிஸை நான் சின்ன இடம் என்று ஒதுக்கமாட்டேன், ஆனால் அது அரை நாள் பயணம்தான். மல்பேயிலிருந்து படகில் அரை மணி நேரம். தங்க முடியாது, குடிதண்ணீரும் கையோடு கொண்டுபோக வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது கல். செதுக்கி நட்டது போல் ஐந்து பட்டை, ஆறு பட்டைத் தூண்கள் கூட்டம் கூட்டமாக நிற்கும். கிருஷ்ணகிரியின் கருங்கல் பூமிக்கு வெகு ஆழத்தில் மெல்ல மெல்ல இறுகியது, வயது 250 கோடி ஆண்டு அளவில். இது எரிமலைக் குழம்பு மேலே வந்து, ஆறும்போது சுருங்கி, பட்டை பட்டையாக வெடித்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தில், 8.8 கோடி ஆண்டுக்கு முன். கல் உடைத்துப் பிழைக்கும் ஊரிலிருந்து போகிறவர்கள் இந்தத் தூண்களில் கை வைத்துப் பார்த்தால் வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரியும். மணலிலும் பாதி சிப்பிதான், வெறுங்காலோடு நடந்தால் குத்தும். மும்பையின் எலிஃபென்டாவும் இந்த வகை அரை நாள் தீவுதான். அதற்கென்று தனியாகப் போக வேண்டாம்.

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். ஆகஸ்டில் அம்மாவோடு ராமேஸ்வரம், மூன்று நாள். ஆடி அமாவாசைக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள், அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தமானா லட்சத்தீவா என்பதில் என் ஓட்டு லட்சத்தீவுக்கு. அந்தமானை அக்கா மகள் பத்து வருஷம் கழித்துத் தன் சம்பளத்திலும் பார்க்கலாம், அந்த மலைகள் அங்கேயேதான் இருக்கும். பவளத்தைப் பற்றி அந்த உறுதியை என்னால் கொடுக்க முடியவில்லை. அனுமதி வேலையை அக்டோபரிலேயே தொடங்கினால் பிப்ரவரிக்குக் கிடைக்கலாம். கொச்சி வரைக்கும் போவது எப்படி என்று மாமா கேட்டார். ஐலண்டு எக்ஸ்பிரஸில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.